டிராகுலாவை எழுதியவருக்கு என்ன ஆச்சு? பிராம் ஸ்டோக்கரும் ஆளே மாறிப்போன ரத்தக்காட்டேரியும்

டிராகுலா எப்படிச் சாகும்? பத்து பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் சூரிய வெளிச்சம் பட்டாலே போதும் என்பார்கள். மிச்சம் இருக்கும் ஒருவர், நெஞ்சில் மரக்கட்டையை அடிக்கணும் என்பார். ஆனா 1897-ல் வெளியான நாவலில் டிராகுலாவுக்கு இந்த இரண்டுமே நடப்பதில்லை. பொழுது சாயும் நேரத்தில், இரண்டு கத்திகளால் அவர் கதை முடிகிறது. அதில் ஒன்று கூர்க்கா வீரர்களின் குக்ரி! வெயிலும் அவரைக் கொல்வதில்லை. பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். லண்டன் பிக்கடில்லியில் பட்டப்பகலில் நின்று ஒரு பெண்ணை முறைத்துப் பார்க்கும் காட்சியே நாவலில் உண்டு.

அப்போ நமக்குத் தெரிந்த டிராகுலா எங்கிருந்து வந்தது? அதற்கு, எழுதிய மனிதரின் கதையைத் தெரிந்துகொள்ளணும்.

யார் இந்த பிராம் ஸ்டோக்கர்?

1847 நவம்பர் 8-ல் அயர்லாந்தின் டப்ளின் அருகே கிளான்டார்ஃபில் பிறந்தவர். ஏழு குழந்தைகளில் மூன்றாமவர். என்ன நோய் என்றே தெரியாமல் ஏழு வயது வரை படுத்த படுக்கை. அந்தக் காலத்தில் அம்மா ஷார்லட் சொன்ன கதைகள்தான் அவருக்குத் துணை. அவை தாலாட்டுக் கதைகள் இல்லை. 1832-ல் ஸ்லைகோ நகரைக் காலரா சூறையாடியபோது ஷார்லட் அங்கே வளர்ந்த சிறுமி. உயிர் போவதற்கு முன்பே ஆட்களைப் புதைத்ததாக ஊரில் பேசப்பட்டதையெல்லாம் மகனிடம் சொன்னார். செத்தவர் எழுந்து வரும் கதையை இந்தப் பையன் பின்னாளில் எழுதியதில் ஆச்சரியம் என்ன?

எழுந்து நடந்த பிறகு ஆளே வேற. டிரினிட்டி கல்லூரியில் தடகள வீரர். படிப்பு முடிந்ததும் டப்ளினில் அரசு குமாஸ்தா வேலை. அவருடைய ஆரம்பகாலப் புத்தகம் ஒன்று நீதிமன்ற குமாஸ்தாக்களின் கடமைகளைப் பற்றிய கையேடு! மாலை நேரத்தில் சம்பளம் வாங்காமல் நாடக விமர்சனம் எழுதினார். அப்படித்தான் அன்றைய சூப்பர் ஸ்டார் நடிகர் ஹென்றி இர்விங்கின் கண்ணில் பட்டார். 1878-ல் அரசு வேலையை உதறினார். ஃப்ளாரன்ஸ் பால்கம் என்ற பெண்ணை மணந்தார். இருவரும் லண்டனுக்குக் கிளம்பினார்கள். இர்விங்கின் லைசியம் தியேட்டருக்கு ஸ்டோக்கர் மேனேஜர்.

அடுத்த 27 ஆண்டுகள் அவர் வாழ்ந்தது இர்விங்குக்காக. கணக்கு, டிக்கெட், அமெரிக்கச் சுற்றுப்பயணம், தினமும் குவியும் கடிதங்கள் எல்லாமே அவர் தலையில். எழுத்து, விடுமுறை நாட்களில் மட்டும்.

வேதாளத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

லைசியம் விருந்துகளுக்கு வந்தவர்களில் சர் ரிச்சர்ட் பர்ட்டனும் ஒருவர். சிந்து மாகாணத்தில் கிழக்கிந்திய கம்பெனி ராணுவத்தில் இருந்தவர். நம்ம விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளை 1870-ல் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னவரும் இவரே. அந்தப் புத்தகத் தலைப்பில் வேதாளத்துக்கு அவர் போட்ட சொல், வாம்பயர். பர்ட்டன் பேசும்போது உதடு விலகி கோரைப்பல் தெரிந்ததை, பல ஆண்டுகள் கழித்தும் ஸ்டோக்கர் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார். டிராகுலாவின் பல் அங்கிருந்துதான் முளைத்தது என்பதற்கு நேரடி ஆதாரம் கிடையாது. ஆனாலும் சும்மா விட்டுவிடக்கூடிய தகவலும் இல்லை.

1890-ல் நாவலுக்குக் குறிப்பு எடுக்க ஆரம்பித்தார். அந்தக் கோடையில் விட்பி என்ற கடலோர ஊருக்கு விடுமுறைக்குப் போனபோது, நூலகத்தில் ருமேனியப் பகுதிகளைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. டிராகுலா என்ற பெயரை அதில்தான் பார்த்தார். 1885-ல் அங்கே கரை ஒதுங்கிய ரஷ்யக் கப்பலின் கதையும் நாவலுக்குள் வந்தது. கதை தொடங்கும் டிரான்சில்வேனியாவுக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை!

நாவலில் வரும் டிராகுலா எப்படி இருந்தார்?

கிழவர். நீண்ட வெள்ளை மீசை, உள்ளங்கையில் முடி, வாயில் நாற்றம். ரத்தம் குடிக்கக் குடிக்க இளமை திரும்பும். கிழக்கு ஐரோப்பியக் கிராமங்கள் பயந்த ரத்தக்காட்டேரி, உப்பிச் சிவந்த பிணம். சொந்தக் குடும்பத்தையே முதலில் தாக்கும். 1819-ல் ஜான் பொலிடோரி என்ற இளம் மருத்துவர் எழுதிய கதை அதைச் சீமானாக்கி லண்டன் விருந்துக்கு அழைத்துவந்தது. ஸ்டோக்கர் இரண்டையும் கலந்தார்: பட்டம் உள்ள பிரபு, ஆனா அருவருப்பு குறையாதவர்.

இன்னொரு விஷயம். நாவல் முழுக்க டைரி, கடிதம், தந்தி. எல்லாரும் எழுதுகிறார்கள். டிராகுலாவுக்கு மட்டும் தன் கதையைச் சொல்ல ஒரு பக்கம்கூடக் கிடையாது.

1897 மே 26-ல் மஞ்சள் அட்டையோடு புத்தகம் வந்தது. விமர்சனங்கள் பரவாயில்லை. பணம்தான் வரவில்லை. இர்விங் அந்த வேடத்தைப் போடவே இல்லை. அடுத்த வருடமே லைசியத்தின் அரங்கப் பொருட்கள் தீயில் போயின. 1905-ல் இர்விங் இறந்தார். அதற்குப் பிறகு ஸ்டோக்கரைப் பக்கவாதம் தாக்கியது. 1911-ல் எழுத்தாளர் நிதியத்திடம் உதவி கேட்டு விண்ணப்பிக்கும் நிலை. 1912 ஏப்ரல் 20-ல், டைட்டானிக் மூழ்கி ஐந்தே நாளில், இறந்தார். இரங்கல் செய்திகளில் அவர் பெரும்பாலும் இர்விங்கின் மேனேஜர்தான்.

அப்புறம் சூரிய ஒளி எப்படி வந்தது?

அது ஜெர்மனியில் நடந்தது. 1922-ல் முர்னோ இயக்கிய நோஸ்ஃபெராட்டு படம், பெயர்களை மட்டும் மாற்றிவிட்டு இந்தக் கதையை அனுமதி வாங்காமலேயே எடுத்தது. விடியல் வெளிச்சத்தில் ரத்தக்காட்டேரி மறைந்துபோவது அந்தப் படத்தின் கண்டுபிடிப்பு. கணவரின் நாவலை நம்பி இருந்த ஃப்ளாரன்ஸ் விடவில்லை, வழக்குப் போட்டார். தயாரிப்பு நிறுவனம் திவாலாகிவிட்டதால் பைசா பெயரவில்லை. 1925-ல் பிரதிகளை அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பிய பிரதிகள் இருந்ததால்தான் இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்க்க முடிகிறது. ஃப்ளாரன்ஸ் பக்கம் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம்; ஆனா அவர் முழுசாக ஜெயித்திருந்தால் சினிமாவுக்குத்தான் நஷ்டம்.

1924-ல் ஃப்ளாரன்ஸின் அனுமதியோடு ஹாமில்டன் டீன் போட்ட நாடகம் அடுத்த திருப்பம். கதை வரவேற்பறையில் நடக்கணும் என்றால், நாற்றமடிக்கும் கிழவரை யார் உள்ளே விடுவார்கள்? அதனால் கோட்டு சூட்டு, கறுப்பு அங்கி. தூக்கி நிற்கும் அந்தக் காலர் ஃபேஷனுக்காக வைத்ததல்ல. நடிகர் மேடையிலிருந்து நழுவி மறையும்போது பின்தலையை மறைக்க! 1931-ல் பெலா லுகோசி அதே அங்கியோடு ஹாலிவுட் திரைக்கு வந்தார். ராம்சே சகோதரர்களின் 1990 இந்திப் படமான பந்த் தர்வாஸா வரைக்கும் அந்தக் கறுப்பு அங்கி பறந்து வந்தது.

1976-ல் அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸ், ரத்தக்காட்டேரியையே உட்காரவைத்துப் பேட்டி கொடுக்கச் செய்தார். குற்ற உணர்ச்சியில் புலம்பும் ரத்தக்காட்டேரி! 2005-ல் ட்வைலைட் வந்தபோது அது பள்ளிக்கூடத்தில் காதலிக்க ஆரம்பித்தது. வெயிலில் எரியவில்லை, மின்னியது.

ஸ்டோக்கர் எடுத்த குறிப்புகளை 1913-ல் ஃப்ளாரன்ஸ் ஏலத்துக்கு விட்டார். கிடைத்தது இரண்டு பவுண்டும் கொஞ்சம் சில்லறையும். அந்தத் தாள்கள் இப்போது அமெரிக்காவில், பிலடெல்பியா ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கதாபாத்திரப் பட்டியலில் வாம்பிர் பிரபு என்ற பெயரை அடித்துவிட்டு டிராகுலா என்று எழுதிய பக்கமும் அதில் ஒன்று.