முள் நிலத்தில் ஒரு பூச்சித் தோட்டம்

தோட்டம் என்றதும் ஒழுங்காக வெட்டிய புல்தரையும் வரிசையான பூந்தொட்டிகளும்தாம் பலர் மனத்தில் தோன்றுகின்றன. பூவை நாடி வரும் தேனீக்கும் குளவிக்கும் அங்கே வாழ இடம் உண்டா என்று நாம் கேட்பதில்லை. அக்கேள்வி எழும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது, பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞர் ழான் ஹென்றி ஃபேபரை.

1823-இல் தெற்கு பிரான்ஸின் சிற்றூர் ஒன்றில் வறிய குடும்பத்தில் பிறந்தவர் ஃபேபர். பள்ளி ஆசிரியராகவே நெடுங்காலம் உழைத்தார். அவிஞ்ஞோன் நகரில் பெண்களும் பயின்ற இலவச வகுப்பில், மலர் கருவுறும் விதத்தை விளக்கினார். அதுவே குற்றமாயிற்று. பழைமைவாதிகளின் எதிர்ப்பால் வேலையை விட்டார். குடியிருந்த வீட்டையும் இழந்தார். அப்போது பணம் கொடுத்து உதவியவர் ஆங்கில மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில். மகரந்தச் சேர்க்கையைப் பேசியதற்காக ஒருவர் வாழ்விழந்த கதை இன்று வியப்பளிக்கலாம்.

1877-இல், தம்முடன் பூச்சிகளைத் தேடித் திரிந்த மகன் ழூலைப் பறிகொடுத்தார். தாம் கண்டறிந்த குளவி இனங்கள் சிலவற்றுக்கு அவன் பெயரையே சூட்டினார்.

பாடநூல்கள் எழுதி ஈட்டிய பணத்தில், 1879-இல் செரிஞ்ஞானில் சுமார் இரண்டரை ஏக்கர் நிலம் வாங்கினார். கற்கள் நிறைந்து, முட்செடிகள் மண்டிக் கிடந்த தரிசு அது. வேளாண்மைக்கு உதவாத அந்நிலத்தைத்தான் அவர் விரும்பினார். முட்செடிகளின் பூக்களுக்குத் தேனீக்கள் திரண்டு வந்தன. சுவர் கட்டுவதற்காகக் குவித்த கற்களில் கொத்துத் தேனீக்கள் குடியேறின. மணற்குவியலில் குளவிகள் வளை தோண்டின. அவற்றை விரட்டாமல் அருகிருந்து கவனித்தார். பத்துத் தொகுதிகளாக வெளிவந்த அவரது பூச்சியியல் நூலின் பெரும்பகுதி அங்கேதான் உருவானது. 1915-இல் தமது 91-ஆம் வயதில் அவ்வீட்டிலேயே மறைந்தார். இன்று அது அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அவர் விரிவாக எழுதிய மணற்குவளிகளில் ஒன்று, பயிரின் வேரைக் கடிக்கும் புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, தன் குஞ்சுக்கு உணவாக வளைக்குள் சேர்க்கிறது. கொடுக்கைக் கண்டு நாம் அஞ்சும் பூச்சி, உண்மையில் தோட்டத்தின் காவலாளி.

ஃபேபரின் வாழ்க்கை உணர்த்துவது ஒன்றே: பூச்சிகளுக்குப் பூ மட்டும் போதாது, குடியிருக்க வெறும் மண்ணும் வேண்டும். தனித்து வாழும் தேனீ இனங்களில் பெரும்பாலானவை நிலத்துக்குள்தான் கூடமைக்கின்றன. முற்றம் முழுவதற்கும் சிமென்ட் பூசிவிட்டு, நஞ்சையும் தெளித்துவிட்டு, பூசணிப் பூ காயாகாமல் உதிர்கிறதே என்று வருந்திப் பயனில்லை.

பெரிய நிலம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆயினும், தோட்டத்தின் ஒரு மூலையையேனும் கொத்தாமல், மூடாமல், மருந்தடிக்காமல் விட்டுவைக்க நம்மால் இயலும். அங்கே தானாக முளைக்கும் செடி பூக்கட்டும். காய்ப்பதற்கு வேண்டிய உழைப்பை அழையாமலே வந்து செய்வோருக்கு, அவ்வளவு இடமாவது தருவது நம் கடமை.