முதலைச் சட்டைக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் வீரர்: யார் இந்த ரெனே லாகொஸ்ட்?

ஜொகூர் பாருவில் ஏதாவது ஒரு பெரிய பேரங்காடிக்குப் போய் ஆண்கள் சட்டைப் பகுதியைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு முதலைகள் கண்ணில் படலாம். ஒன்று வலது பக்கம் பார்க்கும். இன்னொன்று இடது பக்கம் பார்க்கும்.

ஒன்று அசல், மற்றது போலி என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியில்லை. இடது பக்கம் பார்க்கும் முதலை, கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் பிறந்தது. வலது பக்கம் பார்க்கும் முதலையோ ஒரு மனிதரின் பட்டப்பெயர். அவர் ரெனே லாகொஸ்ட். தொழிலால் துணி வியாபாரி அல்ல, உலகின் முதல்நிலை டென்னிஸ் வீரராக இருந்தவர்.

பிறவித் திறமை இல்லாத வீரர்

ரெனே லாகொஸ்ட் 1904-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். அப்பா வசதியானவர். கார்களும் விமான இயந்திரங்களும் தயாரித்த ஹிஸ்பானோ சுயிசா நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தார். மகனும் படித்துப் பொறியாளராக வேண்டும் என்பது வீட்டு விருப்பம்.

ரெனே டென்னிஸ் மட்டையைப் பிடித்தது 15 வயதில்தான், அப்பாவுடன் இங்கிலாந்து போயிருந்தபோது. ஒரு வெற்றியாளருக்கு அது ரொம்பத் தாமதமான தொடக்கம். உடல் வலுவும் அதிகம் இல்லை. ஆனால் படிப்பை விட்டுவிட்டு டென்னிஸில் இறங்குகிறேன் என்று அவர் அடம்பிடித்தார். அப்பா ஐந்து ஆண்டுகள் அவகாசம் கொடுத்தார், அதற்குள் வெற்றியாளராகிக் காட்ட வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார் என்பது அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை.

அதே காலத்தில் பிரான்ஸில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஹென்றி கோஷே, ஜான் போரோத்ரா, ஜாக் புருஞ்ஞோன். லாகொஸ்டையும் சேர்த்து இவர்களை நான்கு மஸ்கட்டியர்கள் என்று அழைத்தார்கள். கோஷேவுக்குக் கை தானாகவே பேசும். போரோத்ரா வலைக்குப் பாய்ந்து பாய்ந்து ஆடுவார். லாகொஸ்டிடம் இருந்ததெல்லாம் பொறுமையும் ஒரு குறிப்பேடும்தான். எதிராளி எந்தப் பக்கம் தடுமாறுகிறார், எந்த நேரத்தில் அவசரப்படுகிறார் என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பார். ஆட்டத்துக்கு முன் அதைப் படிப்பார். ஆடுகளத்தின் பின்கோட்டில் நின்றபடி, எதிராளி தவறு செய்யும் வரை பந்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பார்.

இந்த முறையில் அவர் ஜெயித்தது கொஞ்சநஞ்சமல்ல. பிரெஞ்சுப் போட்டியில் 1925, 1927, 1929. விம்பிள்டனில் 1925, 1928. அமெரிக்கப் போட்டியில் 1926, 1927. மொத்தம் ஏழு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள்.

முதல் கருவி: பந்து வீசும் இயந்திரம்

லாகொஸ்டுக்கு ஒரு தொல்லை இருந்தது. ஒரே அடியை நூறு முறை, இருநூறு முறை பயிற்சி செய்ய விரும்புவார். அத்தனை முறை எதிரில் நின்று பந்து போட யாருக்குப் பொறுமை இருக்கும்? அதனால் கையால் சுழற்றி இயக்கும் ஒரு பந்து வீசும் இயந்திரத்தை அவரே வடிவமைத்தார். இன்று டென்னிஸ் பயிற்சி மையங்களில் மின்சாரத்தில் ஓடும் இயந்திரங்களுக்கு இது ஒரு முன்னோடி.

அவர் வாழ்க்கையில் பிறகு வந்த கருவிகளுக்கும் இதே மாதிரித்தான் தொடக்கம். ஆடும்போது தனக்கு எது இடைஞ்சலாக இருந்ததோ, அதைச் சரிசெய்ய ஒன்றைச் செய்வார். விற்பனை எல்லாம் பிறகுதான்.

முதலை எங்கிருந்து வந்தது?

1920-களில் பிரெஞ்சு அணி டேவிஸ் கிண்ணப் போட்டிக்காக அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குப் போனது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முதலைத் தோல் பெட்டி ஒன்று லாகொஸ்டுக்குப் பிடித்துப்போனது. முக்கியமான ஆட்டத்தில் ஜெயித்தால் அதை வாங்கித் தருவதாக அணித்தலைவர் பந்தயம் கட்டினார். இந்தச் செய்தி ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் காதுக்கு எட்டியது. அவர் எழுத, லாகொஸ்டின் பட்டப்பெயர் முதலை என்றானது.

பிடித்த இரையை விடாத ஆட்டம் என்பதால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நண்பர் ராபர்ட் ஜார்ஜ் ஒரு முதலையை வரைந்து கொடுத்தார். லாகொஸ்ட் அதைத் தன் மேலங்கியில் தைத்துப் போட்டுக்கொண்டு ஆடுகளத்துக்கு வந்தார். அப்போது அது வணிகச் சின்னம் அல்ல, வெறும் வேடிக்கை.

1927: பிலடெல்பியாவில் நடந்தது என்ன?

டேவிஸ் கிண்ணம் 1920 முதல் அமெரிக்காவின் கையில் இருந்தது. பில் டில்டன் இருக்கும்வரை அதை யாரும் பறிக்க முடியாது என்றே பலரும் நினைத்தார்கள். 1927 செப்டம்பரில் பிலடெல்பியாவில் லாகொஸ்ட் தன் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களிலும், பில் ஜான்ஸ்டனையும் டில்டனையும் வென்றார். கடைசி ஆட்டத்தைக் கோஷே ஜெயித்தார். 3-2 என்ற கணக்கில் கிண்ணம் முதன்முறையாக பிரான்ஸுக்குப் போனது.

அடுத்த ஆண்டு கிண்ணத்தைத் தக்கவைக்கும் ஆட்டம் பாரிஸில் நடக்க வேண்டும். அதற்குப் போதுமான அரங்கம் இல்லை. அப்படிக் கட்டப்பட்டதுதான் 1928-இல் திறந்த ரோலண்ட் கேரோஸ் அரங்கம். பிரெஞ்சுப் பொது டென்னிஸ் போட்டி இன்றும் அங்கேதான் நடக்கிறது.

அந்த உச்சத்தில் லாகொஸ்டின் உடல் ஒத்துழைக்க மறுத்தது. சுவாசக் கோளாறு அவரை வாட்டியது. 1929-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பட்டத்தை வென்றதோடு முதல்தர ஆட்டத்திலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது 24.

சட்டை எப்படித் தொழிலானது?

அந்தக் காலத்தில் டென்னிஸ் வீரர்கள் முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டு ஆடினார்கள். கையை மடித்து விட்டால் அவிழும். வியர்த்தால் உடம்போடு ஒட்டும். லாகொஸ்ட் இதையும் ஒரு கருவிப் பிரச்சினையாகவே பார்த்தார். காற்றோட்டமான, புள்ளிப் புள்ளியாகப் பின்னிய பருத்தித் துணியில் அரைக்கைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டார். முன்பக்கம் சில பொத்தான்கள், மென்மையான கழுத்துப்பட்டை, அவ்வளவுதான்.

1933-இல் பின்னலாடை உற்பத்தியாளர் ஆந்த்ரே ஜில்லியேவுடன் கூட்டு சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். அந்தச் சட்டையின் பெயர் எல் 12.12. எல் என்றால் லாகொஸ்ட். 1 என்றால் அந்தத் துணி வகை. 2 என்றால் அரைக்கை. கடைசி 12, சோதித்துப் பார்த்த மாதிரிகளில் தேர்வான மாதிரியின் எண். நெஞ்சில் முதலை. சின்னத்தைச் சட்டைக்குள் மறைக்காமல் வெளியே தெரியும்படி வைத்த முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று. இன்று நாம் போலோ சட்டை என்று சொல்லி அலுவலகத்துக்கும் திருமண வீட்டு முன்வேலைகளுக்கும் போட்டுப்போகும் சட்டையின் மூதாதை இதுதான்.

இரும்பு மட்டை

சட்டை விற்றுப் பணக்காரராகி ஓய்ந்துவிடவில்லை லாகொஸ்ட். 1963-இல் நிறுவனப் பொறுப்பை மூத்த மகன் பெர்னாரிடம் விட்டுவிட்டு, மறுபடியும் கருவிகளிலேயே மூழ்கினார்.

அதுவரை டென்னிஸ் மட்டை என்றாலே மரம்தான். ஈரம் பட்டால் வளையும். வளையாமல் இருக்கச் சட்டத்துக்குள் இறுக்கி வைக்க வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் லாகொஸ்ட் எஃகுக் குழாயால் மட்டை செய்து காப்புரிமை பெற்றார். நரம்புகளை நேராகச் சட்டத்தில் துளையிட்டுக் கோக்காமல், சட்டத்தைச் சுற்றி ஓடும் கம்பி வளையங்களில் மாட்டினார். பந்து பட்டதும் சட்டென்று விசையோடு திரும்பும். ஆனால் அதைக் கட்டுப்படுத்துவது லேசுப்பட்ட வேலையில்லை.

அமெரிக்காவில் வில்சன் நிறுவனம் அதை டி 2000 என்ற பெயரில் விற்றது. பில்லி ஜீன் கிங் அதைக் கொண்டு ஆடினார். ஜிம்மி கானர்ஸ் அதோடு உலகின் முதல்நிலைக்கே போனார். மற்றவர்கள் புதிய மட்டைகளுக்கு மாறிய பிறகும் அவர் பல ஆண்டுகள் அதை விடவில்லை. மரமட்டை யுகத்தை முடித்துவைத்த மாற்றம் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

குடும்பம் என்ன ஆனது?

லாகொஸ்டின் மனைவி சிமோன் 1927-இல் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் கோல்ப் பட்டம் வென்றவர். மகள் கேத்தரின் 1967-இல் அமெரிக்க மகளிர் பொது கோல்ப் போட்டியை வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற ஒரே அமெச்சூர் வீராங்கனை இன்றுவரை அவர்தான். விளையாட்டே வீட்டுப் பேச்சாக இருந்த குடும்பம்.

ரெனே லாகொஸ்ட் 1996 அக்டோபர் 12-ஆம் தேதி, 92-ஆம் வயதில், பிரான்ஸின் தென்மேற்குக் கடலோர ஊரான சான் ஜான் தெ லூஸில் காலமானார். பெர்னார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிறுவனத்தை நடத்தி 2006-இல் இறந்தார். தம்பி மிஷேல் பொறுப்புக்கு வந்தார்.

2012-இல் வீடு இரண்டுபட்டது. தலைவர் பதவிக்கு மிஷேலின் மகள் சோஃபி தேர்வானார். அப்பா அதை ஏற்கவில்லை. அவர் தன் தரப்புப் பங்குகளை, ஏற்கெனவே பெரும் பங்கு வைத்திருந்த சுவிட்சர்லாந்தின் மாவ்ஸ் குழுமத்துக்கு விற்க முடிவெடுத்தார். அதன் பிறகு மற்றவர்களுக்கும் வேறு வழி இல்லாமல் போனது. சோஃபி தரப்பும் விற்றது. எண்பது ஆண்டு நெருங்கிய குடும்பத் தொழில் சில மாதங்களில் கைமாறியது. சட்டையில் பெயர் இருக்கிறது, நிறுவனத்தில் குடும்பத்தின் பங்கு இல்லை.

அப்படியானால் நம்ம ஊர் முதலை?

சிங்கப்பூரில் டான் ஹியான் சின் என்ற தொழிலதிபர் 1947-இல் குரோகடைல் என்ற சட்டை வணிகத்தைத் தொடங்கினார். பிரெஞ்சு முதலை ஆசியாவில் பெரிதாகக் கால் வைப்பதற்கு முன்பே இது இங்கே வேரூன்றிவிட்டது. பிறகு இரண்டும் மோதின. பல நாடுகளில் வழக்குகள் நடந்தன.

1983-இல் இரு தரப்பும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தைவான் ஆகிய இடங்களில் இரண்டும் அருகருகே இருக்கலாம் என்பதுதான் அதன் சாரம். சீனாவில் சண்டை தொடர்ந்தது. 2010-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சிங்கப்பூர் முதலை விதிமீறவில்லை என்று தீர்ப்பளித்தது.

ஆக, நம் கடைகளில் இரண்டு முதலைகளும் சட்டப்படியே இருக்கின்றன. தலை இடது பக்கம் திரும்பியிருந்தால் சிங்கப்பூர் வணிகரின் முதலை. வலது பக்கம் திரும்பியிருந்தால், முழுக்கைச் சட்டையில் வியர்த்து அலுத்துப்போன ஒரு டென்னிஸ்காரரின் முதலை.