இராபர்ட் ஓவன்

வேல்ஸ் நாட்டிலே நியூடவுன் என்னும் சிற்றூரில், 1771ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், குதிரைச் சேணமும் இரும்புச் சாமான்களும் விற்கும் வணிகர் ஒருவருக்கு மைந்தராகத் தோன்றியவர் இராபர்ட் ஓவன். பத்து வயதளவிலேயே வீட்டை விட்டு நீங்கித் துணிக்கடைகளிற் பணிசெய்து, இருபது வயதளவில் மான்செஸ்டர் நகரத்து நூலாலையொன்றில் 500 பேரை நடத்தும் நிர்வாகியானார். பிறர்கீழ் ஊழியஞ்செய்த அப்பயிற்சியே ஊழியரின் உள்ளத்தை அறிதற்கு அவருக்குக் கண்ணாயிற்றென நாம் கருதுகிறோம்.

1799இல் ஸ்காட்லாந்திலுள்ள நியூ லானார்க் ஆலைகளைக் கூட்டாளிகளுடன் விலைக்கு வாங்கி, அவற்றின் முன்னை உரிமையாளராகிய டேவிட் டேல் என்பாரின் புதல்வியை மணந்து, 1800 ஜனவரி முதல்நாள் நிர்வாகத்தை மேற்கொண்டார். ஆங்கு வேலைசெய்தோர் பலர் குடியிலும் களவிலும் பழகியவர். வேற்றுநாட்டினராகிய புதிய முதலாளியை ஐயுற்றனர். ஓவனோ தண்டனையை நாடினாரல்லர். ஒவ்வொருவர் அருகிலும் நான்கு பக்கமும் நான்கு நிறந்தீட்டிய சிறு மரக்கட்டையொன்றைத் தொங்கவிட்டார். முன்னாள் நடத்தை தீயதாயிற் கறுப்பும், நடுத்தரமாயின் நீலமும், நன்றாயின் மஞ்சளும், மிக நன்றாயின் வெண்மையும் முன்புறந் தோன்றும். அவர் அவ்வழியே நடந்து, கட்டையை நோக்கி, ஆளை நோக்கி, ஒரு சொல்லுமின்றிச் செல்வார். மேற்பார்ப்போர் இட்ட நிறம் அநீதியெனக் கருதியோர் அவரிடமே முறையிடலாம். நம் விடுதி அறைகளில் இத்தகைய கட்டை தொங்குமாயின் எந்நிறம் காட்டுமோ, அறியோம்!

இத்துணையும் செய்தும் ஐயம் முற்றும் தீர்ந்திலது. அதனைத் தீர்த்தது ஓர் இடுக்கண். அமெரிக்க அரசினர் தம் கப்பல்கள் வெளிநாடு செல்லாவண்ணந் தடுத்தமையாற் பஞ்சின் விலை வரம்பின்றி ஏறிற்று. ஓவன் இயந்திரங்களை நிறுத்தினார், ஆட்களை நிறுத்தினாரல்லர். நான்கு மாதகாலம் இயந்திரங்களைத் துடைத்துப் பேணுதலன்றி வேறு வேலை இல்லாதிருந்தும், ஒரு காசும் குறையாது கூலி கொடுத்தார். 7,000 பவுனுக்கு மேற் செலவாயிற்று. அன்றுமுதல் அவ்வூரார் அவரை நம்பினர்.

பின்னர்ப் பத்து வயதிற்குட்பட்ட சிறுவரை வேலைக்கு எடாமல் விலக்கினார். நற்சரக்கை மலிவாய் விற்கும் கடை வைத்தார். 1816இற் பெரும் பாடசாலை திறந்தார். கூலி மட்டும் பிற ஆலைகளினும் மிகுதியாயிருந்ததன்று. ஆதலின் அம்மக்களின் அன்பு பணத்தால் விளைந்ததென்று கூற இயலாது.

இலாபம் குறையுமென்றஞ்சிய கூட்டாளிகள் 1813இல் ஆலைகளை ஏலத்திற்குக் கொணர்ந்தனர். ஓவன் புதிய கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு 1,14,100 பவுனுக்கு அவற்றை எடுத்தார். செய்தி கேட்டதும் தொழிலாளர் தம் வீட்டுச் சாளரங்களில் விளக்கேற்றினர். அவர் திரும்பி வந்தபோது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர். எனினும் நிர்வாகத்தில் அத்தொழிலாளருக்கு எப்பங்கும் அவர் அளித்திலர். அனைத்தையும் தந்தைபோலத் தாமே தீர்மானித்தார். இஃது அவர்பால் நாம் காணும் குறை.

1817இற் சமயங்கள் அனைத்தையும் வெளிப்படையாய் மறுத்துப் பேசியமையாற் பெரியோர் பலரின் நட்பை இழந்தார். அதில் நாம் அவரோடு உடன்படோம். 1825இல் அமெரிக்காவில் அமைத்த நியூ ஹார்மனிக் குடியேற்றமும் விரைவிற் குலைந்தது. பெருஞ்செல்வமும் அதனோடு கழிந்தது. 1858 நவம்பர் 17ஆம் நாள் பிறந்த ஊரிலேயே உயிர்நீத்தார். சமயம் துறந்த அவரை ஆங்குள்ள தேவாலய முற்றத்திலே, பெற்றோரின் கல்லறையருகே அடக்கஞ்செய்தனர்.