ஒளியில் பேசிய பெருமகன்



தொலைபேசி என்றதும் நம் நினைவுக்கு வரும் பெயர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். பள்ளிப் பாடநூலில் அவர் வரலாறு அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். கம்பியின் வழியே பேச்சை அனுப்பினார், உலகப் புகழ் பெற்றார் என்பதோடு சரி. நானும் அந்த அரைப் பக்கத்தோடு நின்றவன்தான். சென்ற ஆண்டு எங்கள் அத்திப்பட்டு வீட்டில் பழைய செம்புக் கம்பி இணைய இணைப்பை எடுத்துவிட்டு ஒளியிழை இணைப்புக்கு மாறினோம். அந்தச் சிறு நிகழ்ச்சிதான் இப்பெருமகனாரின் வாழ்க்கையை முழுதும் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேளாது. திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்கு அவளும் அம்மாவும் காணொளியில் கைச்சைகையால் பேசிக்கொள்வார்கள். எங்கள் பழைய இணைப்பில் படம் இறங்குவது ஒருவாறு வந்துவிடும்; இங்கிருந்து படம் ஏறுவதுதான் பெரும்பாடு. அம்மாவின் கை பாதியில் உறைந்துபோய் அக்காவுக்குத் தெரியும். நமக்குச் சொல் ஒன்று விட்டுப்போனால் ஊகித்துக்கொள்ளலாம். கை நின்றுவிட்டால் பேச்சே நின்றுவிடும். சென்ற ஆண்டு அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த இரவில், நலமாக இருக்கிறார் என்று அம்மா காட்டியது பாதியில் அறுந்தது. மறுபாதி தெரியாத அக்கா அன்றிரவே பேருந்து ஏறி, விடியும் முன் கோயம்பேட்டில் வந்து நின்றாள். அதன் பிறகுதான் இணைப்பை மாற்றியே தீருவது என்று முடிவு செய்தோம்.

காது கேளாதவர்களுக்கும் தொலைபேசிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பெல்லின் வாழ்க்கை முழுவதுமே அந்தத் தொடர்புதான்!

இளமையும் துயரமும்

பெல் 1847-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மெல்வில் பெல் பேச்சுக்கலை ஆசிரியர். நாக்கும் உதடும் தொண்டையும் ஒவ்வோர் ஒலிக்கும் எவ்வாறு அமைகின்றன என்பதைக் குறிகளால் எழுதிக் காட்டும் முறையொன்றை வகுத்தவர். தாய் எலைசாவுக்குக் காது மிகவும் மந்தம். மற்றவர்கள் அவரிடம் ஊதுகுழல் வைத்துக் கத்துவார்கள். சிறுவன் பெல்லோ தாயின் நெற்றியருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவான். அல்லது விரல்களால் எழுத்தெழுத்தாகக் காட்டுவான். இரு கைகளாலும் எழுத்துக் காட்டும் அந்த ஆங்கிலேய முறையின் வழிவந்ததே நம் இந்தியச் சைகை மொழியிலும் ஆங்கில எழுத்துகளுக்கு வழங்குகிறது. என் அக்கா தன் பெயரை அப்படித்தான் எழுதிக் காட்டுவாள்.

பெல்லின் தம்பியையும் அண்ணனையும் காசநோய் அடுத்தடுத்து, 1867-லும் 1870-லும், கொண்டுபோயிற்று. எஞ்சிய ஒரே மகனையாவது காக்க வேண்டுமென்று பெற்றோர் 1870-இல் கனடா நாட்டுக்குக் குடிபெயர்ந்தனர். மறு ஆண்டு பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்பிக்கும் ஆசிரியரானார். பிற்காலத்தில் செல்வமும் புகழும் குவிந்த பின்னும் தம்மை ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வதிலேயே அவருக்குப் பெருமை. அவரிடம் பயின்ற மாணவியருள் ஒருவர் மேபல் ஹப்பர்டு. ஐந்து வயதில் வந்த செங்காய்ச்சலால் செவிப்புலனை முற்றும் இழந்தவர். அவரே பின்னர் பெல்லின் வாழ்க்கைத் துணைவியானார்.

கம்பியில் வந்த குரல்

பகலில் பாடம், இரவில் ஆராய்ச்சி என்று பெல் உழைத்தார். ஒரே தந்திக் கம்பியில் பல செய்திகளை ஒருங்கே அனுப்ப முயன்றவருக்கு, பேச்சையே அனுப்ப முடியும் என்று தோன்றியது. கைத்திறன் மிக்க தாமஸ் வாட்சன் துணைநின்றார். 1876 பிப்ரவரி 14 அன்று பெல்லின் காப்புரிமை மனு அலுவலகம் சேர்ந்தது. அதே நாளில் எலிஷா கிரே என்பவரின் முன்னறிவிப்பும் வந்து சேர்ந்தது. யார் முந்தினார் என்ற வழக்காடல் இன்றும் அறிஞர்களிடையே ஓயவில்லை. மார்ச் 7-இல் காப்புரிமை பெல்லுக்கே கிடைத்தது. மார்ச் 10-இல் அடுத்த அறையிலிருந்த வாட்சனைப் பெல் கருவியில் அழைக்க, அவர் சொற்கள் விளங்கி எழுந்து வந்தார். பேச்சை அனுப்ப முன்பே முயன்ற இத்தாலியர் அந்தோனியோ மெயூச்சியின் உழைப்பை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2002-இல் தீர்மானம் நிறைவேற்றிப் போற்றியதையும் நாம் மறக்கலாகாது.

1877 ஜூலையில் பெல் தொலைபேசி நிறுவனம் தோன்றியது. அதே மாதம் மேபலை மணந்த பெல், தம் பங்குகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் திருமணப் பரிசாக மனைவிக்கே அளித்துவிட்டார். பெருந்தந்தி நிறுவனமான வெஸ்டர்ன் யூனியன் போட்டியாகத் தொலைபேசித் தொழிலில் இறங்கியது. வழக்கு மூண்டது, 1879-இல் உடன்பாடு செய்துகொண்டு வெஸ்டர்ன் யூனியன் விலகிக்கொண்டது. காப்புரிமைக் காலம் 1890-களின் நடுவில் முடிந்ததும் ஊருக்கு ஊர் புதுப்புது நிறுவனங்கள் முளைத்தன. கட்டணம் குறைந்தது, ஆனால் ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர் மற்றொன்றின் சந்தாதாரரோடு பேச முடியாது. கடைக்காரர்கள் இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு இரட்டைக் கட்டணம் கட்டினார்கள். எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் நமக்கு மட்டும் வந்ததன்று!

நம் நாட்டுக்கும் தொலைபேசி விரைவிலேயே வந்தது. 1882 சனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் முறைப்படி தொடங்கப்பெற்றன. சென்னையில் அந்நிலையம் இருந்தது எர்ரபாலு செட்டித் தெருவில். எங்கள் பக்கத்து மின்தொடர் வண்டியில் சென்று கடற்கரை நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

ஒளியில் வந்த குரல்

பாடநூல் சொல்லாத பகுதிக்கு இப்போது வருகிறேன். 1880-இல் பிரெஞ்சு அரசு 50,000 பிராங்க் கொண்ட வோல்டா பரிசைப் பெல்லுக்கு வழங்கியது. அவ்வாண்டிலேயே அவர் சம்னர் டெயின்டர் என்னும் துணைவருடன் வாஷிங்டனில் ஒளிப்பேசியை அமைத்தார். அமைப்பு எளியது. மெல்லிய கண்ணாடித் தகட்டின் பின்னிருந்து ஒருவர் பேசுவார். குரலுக்கேற்பத் தகடு அதிரும். அதன்மேல் பட்டுத் திரும்பும் வெயிலும் குரலுக்கேற்ப மிகுந்தும் குறைந்தும் துடிக்கும். எதிர்முனையில் அந்த ஒளியைக் குழியாடி ஏந்தி, செலினியம் என்னும் பொருளின்மேல் குவிக்கும். ஒளி கூடினால் செலினியத்தில் மின்சாரம் எளிதாகப் பாயும், குறைந்தால் தடைப்படும். அந்த மின்னோட்டம் காதுக்குழலில் மீண்டும் குரலாகும். பள்ளிக்கூடம் ஒன்றின் மாடியிலிருந்து 213 மீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வகத்துக்குக் கம்பியே இல்லாமல் குரல் வந்து சேர்ந்தது. மகிழ்ச்சி தாளாத பெல், அப்போது பிறந்திருந்த இரண்டாம் மகளுக்கு அக்கருவியின் பெயரையே சூட்ட விரும்பினாராம். நல்லவேளை, மேபல் இணங்கவில்லை!

தொலைபேசியைவிட ஒளிப்பேசியே தம் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று பெல் கருதினார். உலகம் அவ்வாறு கருதவில்லை. மேகம் மறைத்தால் பேச்சு நின்றது. மழை வந்தால் நின்றது. ஒளியை ஏந்திச் செல்ல ஒரு பாதை வேண்டும். கண்ணாடிக்குள் ஒளி வளைந்து செல்லும் என்பது தெரிந்திருந்தும், அன்றைய கண்ணாடியில் அது சிறிது தூரத்திலேயே மாய்ந்துவிடும். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி 1954-இல் ஒளியிழைக் கற்றையின் வழியே உருவத்தை அனுப்பிக் காட்டினார். 1966-இல் சார்லஸ் காவோ, குறை கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள மாசுகளில்தான் என்று விளக்கினார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் தூய இழையைச் செய்து காட்டினர். இன்றைய நல்ல இழையில் ஒரு கிலோமீட்டர் ஓடிய பின்னும் ஒளி ஏறத்தாழ ஐந்து விழுக்காடுதான் குறைகிறது. பெல்லின் 213 மீட்டர் எங்கே, 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் திறக்கப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் எங்கே!

எங்கள் தெருவில்

எங்கள் பகுதிக்கு மூன்று நிறுவனத்தார் இழை இழுத்திருந்தனர். மூவரும் விளம்பரத்தில் வேகத்தையே பெரிதாகப் போட்டிருந்தார்கள். நான் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். இழை வீட்டுக்குள்ளேயே வருமா, கம்பத்தோடு நின்று அங்கிருந்து செம்புக் கம்பியா? இறங்கும் வேகமும் ஏறும் வேகமும் ஒன்றா? குறிப்பிட்ட அளவுக்கு மேல் பயன்படுத்தினால் வேகம் எவ்வளவாகக் குறையும்? வரியும் கருவிக்கான முன்பணமும் சேர்த்து மாதம் என்ன ஆகும்? அறுந்தால் வந்து ஒட்டுபவர் எந்த ஊரில் இருக்கிறார்?

கடைசிக் கேள்விதான் பலரை விழிக்க வைத்தது. சாம்பல் லாரியும் சரக்குப் பெட்டி லாரியும் ஓயாமல் ஓடும் சாலை எங்களுடையது. தாழத் தொங்கும் இழை எந்நாளும் அறுபடலாம். ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள் என்பதால், எல்லாரும் வீட்டிலிருக்கும் இரவு ஒன்பது மணிக்கு அண்டை வீடுகளில் நின்று வேகத்தைச் சோதித்தும் பார்த்தேன். எதிர்வீட்டு மாமா சிரித்தார். பெண் பார்க்கப் போனால்கூட இத்தனை விசாரிக்க மாட்டார்கள் என்றார். முடிவில் ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் ஒன்றாக உள்ள, ஆள் மீஞ்சூரிலேயே இருக்கிற ஓர் இணைப்பை எடுத்தோம். மிகக் குறைந்த கட்டணம் அதுவன்று.

ஒன்றை மட்டும் மறந்திருந்தேன். பழைய தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வரும். இழையில் ஒளிதான் வரும். வீட்டில் மின்தடை என்றால் கருவி அணைந்துவிடும். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும் ஊரில் மின்தடைக்காகச் சிறு மின்கலம் வாங்கியது எங்கள் வீட்டு வேடிக்கை.

மறுபக்கமும் மறைவும்

பெருமக்கள் வாழ்வை எழுதும்போது நிறையை மட்டும் சொல்வது வழக்கம். எனக்கு அது இயலவில்லை. ஹெலன் கெல்லரின் பெற்றோருக்கு வழிகாட்டிய அதே பெல், காது கேளாதோர் சைகையால் பேசுவதை வன்மையாக எதிர்த்தார். அவர்கள் வாய்மொழியே கற்க வேண்டும், சைகைப் பள்ளிகள் கூடா என்று வாதாடினார். அவர்கள் தம்முள் மணம் செய்துகொள்வதால் காது கேளாத இனமே உருவாகிவிடும் என்று 1883-இல் ஓர் ஆய்வுரை படித்தார். அக்காலத்துக் கல்விக்கூடங்களில் அவர் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. கைகளைக் கட்டிப்போட்ட வகுப்பறைகளில் பல தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் மொழியை இழந்தனர். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழிக்கு இடமளித்திருக்கிறது. இதைப் படித்த இரவில் எனக்குச் சினமே வந்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் சற்று யோசித்து, அவர் அம்மாவிடம் எப்படிப் பேசினார் என்று கேட்டாள். விரல்களால் என்றேன். அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று மட்டும் காட்டினாள்.

பெல் 1922 ஆகஸ்ட் 2-ஆம் நாள் கனடாவின் நோவாஸ்கோஷியாவில், தம் மலையக இல்லத்தில் காலமானார். அடக்கம் நிகழ்ந்த வேளையில் வட அமெரிக்கத் தொலைபேசிகள் அனைத்தும் ஒரு நிமிடம் மௌனம் காத்தன. அதைவிட என் நெஞ்சைத் தொட்டது அவருடைய இறுதி நேரம். தம்மைப் பிரிய வேண்டாம் என்று மேபல் வேண்ட, பேசும் வலிமை இழந்திருந்த பெல் கைச்சைகையால் மாட்டேன் என்று காட்டிவிட்டுக் கண் மூடினார். உலகுக்குக் குரலை அனுப்பக் கற்றுக்கொடுத்தவரின் கடைசிச் சொல்லைச் சுமந்தது அவர் எதிர்த்த அந்தக் கைதான்.

கேள்வி என்று தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். காதால் கேட்பதொன்றே கேள்வியன்று என்பதை நான் என் வீட்டில் கற்றேன். இப்போது இரவு ஒன்பது மணிக்கு அம்மாவின் கை திருப்பூரில் தடையின்றி அசைகிறது. அங்கே ஏந்திச் செல்வது ஒளி. பெல் கண்ட கனவு. பேசுவது சைகை, அவர் காண மறுத்த மொழி. அவருடைய அறிவைப் போற்றுவோம். அவருடைய பிழையையும் நினைவில் வைப்போம்.