சந்தா சாகிப்

வேப்பந்தட்டைப் பக்கத்தில் வாழும் நம்மவர்க்கு ரஞ்சன்குடிக் கோட்டை புதிதன்று. அதனருகே ஒரு நவாபின் ஏற்றமும் இறக்கமும் ஓராண்டிற்குள் நிகழ்ந்தமையைச் சிலரே அறிவர்.

சந்தா சாகிப், ஆர்க்காட்டு நவாப் தோஸ்து அலியின் மருமகர். வீரமும் சூழ்ச்சித்திறனும் மிக்கவர். எனினும் வாய்மை காவாதவர். திருச்சிராப்பள்ளி அரசி மீனாட்சிக்குத் துணைநிற்பதாகச் சத்தியஞ் செய்து, பின்னர் அவ்வரசையே கவர்ந்தார். 1741-ல் மராட்டியர் அந்நகரைப் பிடித்து, அவரைச் சதாராவிற்குச் சிறைகொண்டு சென்றனர்.

சிறைமீண்ட அவருக்குப் புதுச்சேரி கவர்னர் டியூப்ளே படையும் யோசனையும் உதவினார். 1749-ல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் மாண்டார். சந்தா சாகிப் நவாபானார். உதவிக்கு விலையாகப் பிரெஞ்சுக்காரர் பல ஊர்களைப் பெற்றனர். அன்வருதீனின் மகன் முகம்மதலி திருச்சியிற் புகுந்து ஆங்கிலேயரை அண்டினார். ஐரோப்பாவில் 1748-லேயே சமாதானஞ் செய்துகொண்ட இரு சாதியாரும், இங்கே நம்மவர் வழக்கிற்காகப் பொருதனர்.

1751-ல் இரு படைகளும் வாலிகண்டபுரத்தில் எதிர்ப்பட்டன. கோட்டைத் தலைவர் இருவர்க்கும் நயமொழி கூறிக் காலங்கடத்தினார். பொறாத ஆங்கிலேயர் பேட்டையைத் தாக்கவே, அவர் சந்தா சாகிப் பக்கஞ் சாய்ந்தார். ஆங்கிலேயர் திருச்சிக்குப் பின்வாங்கினர். ஆனால் கிளைவ் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் ஆர்க்காட்டைப் பிடித்தார். அதனை மீட்கச் சந்தா சாகிப் தம் படையைப் பிரிக்க நேர்ந்தது. மைசூராரும், மராட்டியத் தலைவர் முராரி ராவும், தஞ்சையாரும் முகம்மதலியோடு சேர்ந்தனர்.

1752 ஜூனில் உதவிக்கு வந்த பிரெஞ்சுத் தளபதி தோத்தேய், அதே வாலிகண்டபுரத்திற் கிளைவிடம் சரணடைந்தார். இம்முறை கோட்டைக் கதவு பிரெஞ்சுக்காரர்க்குத் திறக்கவில்லை. ஸ்ரீரங்கத்திற் சிக்கிய சந்தா சாகிப், தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்குறுதியை நம்பிச் சென்றார். மானோஜி அவரை விலங்கிட்டார். கைதி எவர்க்குரியவர் என்று நேசர்கள் தம்முட் பூசலிட, தஞ்சையார் அவர் தலையைக் கொய்தனர். வாக்குப் பிறழ்ந்தவர் வாக்குப் பிறழ்வாலேயே மாண்டார்.

வென்ற முகம்மதலியும் மைசூரார்க்கு வாக்களித்த திருச்சியைக் கொடுக்கவில்லை. அவர்களும் முராரி ராவும் பிரெஞ்சுக்காரர் பக்கம் மாறினர். முகம்மதலி ஆங்கிலேயர்க்குப் பெருங்கடன்பட்டார்; 1801-ல் கர்நாடக ஆட்சி முழுதும் கம்பெனியார் கைப்பட்டது.

தோற்றவர் தலையை இழந்தார். வென்றவர் வழியினர் நாட்டை இழந்தனர். உடன்பிறந்தார் வழக்கிற்கு அயலார் ஆயுதத்தை அழைப்போர், அதன் கூலியைத் தம் மக்கள் தலையிற் சுமத்துகின்றனர் என்பதை நாம் மறவாதிருப்போமாக.