பத்து ஆண்டுகள் பணி செய்த சிறுவர்

நபி (ஸல்) அவர்கள் கி.பி. 622-ல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்து சேர்ந்தபோது, ஹள்ரத் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு வயது சுமார் பத்து. தகப்பனில்லாப் பிள்ளை. தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் தமது முக்காட்டுத் துணியில் பாதியை மகனுக்கு இடுப்பில் கட்டி, மறுபாதியை மேலே போர்த்தி, பெருமானாரிடம் அழைத்துச் சென்று பணிவிடைக்கென ஒப்படைத்தார்கள். மகனுக்காக துஆச் செய்யும்படியும் வேண்டினார்கள். செல்வமும் சந்ததியும் பெருக நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள்.

அன்று தொடங்கிய ஊழியம், ஹிஜ்ரீ 11-ல் நபியவர்கள் வஃபாத்தாகும் வரை நீடித்தது. வீட்டிலும் பயணத்திலும் அனஸ் (ரலி) அவர்கள் கூடவே இருந்தார்கள். சுத்தம் செய்யத் தண்ணீர் சுமந்து சென்றார்கள். இட்ட ஏவல்களைச் செய்தார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் தம்மைச் 'சீ' என்று சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்றோ ஏன் செய்யவில்லை என்றோ கடிந்ததில்லை என்று பிற்காலத்தில் அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

பையன் பிழையே செய்யாதவர் போலும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒருநாள் நபியவர்கள் அவரை ஒரு வேலைக்கு அனுப்பினார்கள். மனத்தில் போகும் எண்ணம் இருந்தும், போகமாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டே புறப்பட்டார். கடைவீதியில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்க, அங்கேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடித்தார்கள். திரும்பினால், பெருமானார் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்! உனைஸ் என்று செல்லமாக அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டும் கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் சிறுவர். அத்தோடு முடிந்தது விசாரணை. கடையிலும் வீட்டிலும் பையன்களை ஏவிப் பழகிய நாம் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். தாமே தேடி வந்திருக்கிறார்கள். கோபப்பட நியாயமும் இருந்தது.

வீட்டார் யாரேனும் அவரைக் குறை கூறினாலும், விட்டுவிடுங்கள், நடக்க வேண்டுமென விதிக்கப்பட்டிருந்தால் நடந்திருக்கும் என்று தடுத்துவிடுவார்கள்.

இப்படி நடத்தப்பட்ட பிள்ளை எப்படி வேலை செய்தார்? மற்றொரு நாள் ஒரு காரியமாகச் சென்று வீட்டுக்குத் தாமதமாகத் திரும்பியவரிடம் தாயார் காரணம் கேட்டார்கள். அது நபியவர்களின் இரகசியம் என்று பெற்ற தாயிடமே சொல்ல மறுத்துவிட்டார். தாயாரும், யாரிடமும் சொல்லிவிடாதே என்றார்கள். முதுமையில் தம் அன்பு மாணவர் தாபித் அவர்களுக்கும் அதை வெளியிடவில்லை. அடித்து மிரட்டி வேலை வாங்கும் எஜமானருக்கு இத்தகைய ஊழியர் கிடைப்பாரா?

பெருமானாருக்குப் பின் அபூபக்ர் (ரலி) அவர்கள் அனஸ் (ரலி) அவர்களை ஸகாத் வசூலிக்க பஹ்ரைனுக்கு அனுப்பினார்கள். எந்தெந்தக் கால்நடைக்கு எவ்வளவு என்று விவரமாக எழுதிய கடிதத்தையும் கொடுத்தார்கள். அக்கடிதம் புகாரியில் இன்றும் இருக்கிறது.

பின்னர் அனஸ் (ரலி) அவர்களே எஜமானரானார்கள். ஸீரீன் என்ற வசதியுள்ள அடிமை, தவணையாகப் பொருள் செலுத்தி விடுதலை பெற ஒப்பந்தம் எழுதித் தரும்படி கேட்டார். அனஸ் (ரலி) அவர்கள் சம்மதிக்கவில்லை. ஸீரீன் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். எழுதிக் கொடுக்கும்படி கலீஃபா சொல்லியும் மறுக்கவே, சாட்டையால் அடித்து, இதுபற்றிய குர்ஆன் வசனத்தையும் ஓதிக் காட்டினார்கள். அதன்பின் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அத்தகைய எஜமானரிடம் பத்தாண்டு இருந்தவருக்கே, தம் கையில் அதிகாரம் வந்தபோது ஒருவர் நினைவூட்ட வேண்டியிருந்தது. இதை மறைக்காமல் நமக்கு எழுதி வைத்த இமாம்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக!

முதுமையில் நேர் எதிரான அதிகாரி ஒருவரையும் அவர்கள் கண்டார்கள். எண்பது வயதைத் தாண்டிய அவர்களை இழிவுபடுத்துவதற்காக ஆளுநர் ஹஜ்ஜாஜ் பின் யூஸுஃப் கழுத்தில் முத்திரை இட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அனஸ் (ரலி) அவர்கள் கலீஃபா அப்துல் மலிக்குக்குக் கடிதம் எழுதினார்கள். நபியவர்களுக்கு ஊழியம் செய்தவரையா இப்படி நடத்துவது என்று கலீஃபா ஹஜ்ஜாஜைக் கடுமையாகக் கண்டித்தார்.

பெருமானாரின் துஆ பலித்தது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக நூறு பேரளவில் பெருகினார்கள். தோட்டம் ஆண்டுக்கு இருமுறை காய்த்தது. ஹிஜ்ரீ 93-ஐ ஒட்டி, நூறு வயதளவில், பஸராவில் வஃபாத்தானார்கள். தம் ஜனாஸாவைக் குளிப்பாட்ட வேண்டியவர் யார் என்று முன்பே வஸிய்யத் செய்திருந்தார்கள். அவர் இமாம் முஹம்மத் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள். விடுதலை கேட்டு வழக்குரைத்த அதே ஸீரீனின் மகன். அப்போது கடனுக்காகச் சிறையில் இருந்தார். அனுமதி பெற்று வெளியே வந்து, குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுகை நடத்திவிட்டு, மீண்டும் சிறைக்கே திரும்பிச் சென்றார்.