வளையத்தின் உண்மையைக் கண்ட தமிழர்

மஞ்சக்குப்பத்தைத் தலைமை ஸ்தலமாகக் கொண்டிருந்த தென்னார்க்காடு ஜில்லாவில் ஒரு காலத்தில் அவுரி செழித்திருந்தது. 1897-ல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். நமது அவுரி வாணிபம் க்ஷீணித்தது. நீலத்தின் மூலக்கூறில் பென்ஸீன் வளையங்கள் இருக்கின்றன. அவ்வளையத்தின் அமைப்பை ஆராய்ந்தறிந்தவர் செல்வம் பெற்றனர், அறியாதவர் இழந்தனர். சாஸ்திர ஞானமின்றித் தேசத்துக்கு வாழ்வில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? அவ்வளையத்தின் இயல்பை உலகம் தெளியத் துணைநின்றவர்களில் ஒருவர் தமிழர் என்பதை நம்மவரிற் பலர் மறந்தனர்.

கே. எஸ். கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ந் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, கல்கத்தா சென்றார். 1923-ல் ஸி. வி. ராமனிடம் சேர்ந்து, 1928-ல் ராமன் விளைவு வெளிப்பட்ட பரிசோதனைகளில் வலக்கையாய் உழைத்தார். பின்னர் டாக்கா சர்வகலாசாலையில் தமக்கென ஒரு துறையை வகுத்துக்கொண்டார்.

பென்ஸீனில் ஆறு கரி அணுக்கள் வளையமாய் நிற்கின்றன என்று 1865-ல் கெகுலே என்னும் ஜெர்மானியர் கூறினார். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதாகக் கொண்டார். ஆனால் இரட்டைப் பிணைப்புள்ள பிற பொருள்களைப்போல் பென்ஸீன் எளிதில் மாறுவதில்லை; அதன் ஆறு பிணைப்புகளும் சமமாயிருக்கின்றன. ஆறு எலெக்ட்ரான்கள் எந்த இரண்டு அணுக்களுக்கும் தனியுரிமையின்றி, வளையம் முழுவதற்கும் பொதுவாயிருப்பதே இதன் காரணம்.

கிருஷ்ணன் செய்தது யாது? அந்துருண்டையாய் நாமறிந்த நாப்தலீன் முதலியவற்றின் படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் நிறுத்தினார். படிகம் திரும்பும் விசையை அளந்தார். காந்தம் இப்பொருள்களை எத்திசையிலும் ஒரே அளவாய் விலக்குவதில்லை. வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் விலக்கம் மிகுதி என்பது புலனாயிற்று. அந்த வேற்றுமையைக்கொண்டே, படிகத்தினுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து நிற்கின்றன என்றும் கணித்தார். 1936-ல் காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாருடன் இது குறித்து எழுதினார். எலெக்ட்ரான்கள் வளையத்தைச் சுற்றி ஓடுவதே அம்மிகுதிக்குக் காரணமென்று பாலிங் 1936-லும், லண்டன் என்பவர் 1937-லும் விளக்கினர்.

1940-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது. 1942-ல் அலகாபாத் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். 1946-ல் ஸர் பட்டம் வந்தது. 1947-ல் தேசியப் பௌதிக ஆராய்ச்சிசாலையின் முதல் டைரக்டரானார். 1961-ல் காலமானார்.

1929 முதல் சிதம்பரத்தில் அண்ணாமலை சர்வகலாசாலை இருக்கிறது. கடலூர் சிப்காட்டில் ரசாயன ஆலைகள் நிற்கின்றன. பிறர் கண்ட முறையை நாம் நடத்துவது மட்டும் போதுமா? இழையும் காந்தமும் படிகமும் கொண்டு கிருஷ்ணன் உலகிற்குப் புது அறிவு ஈந்தார். அவ்வழியில் நமது வாலிபர் முன்வராவிடில், அவுரிக்கு நேர்ந்த கதி நாளை வேறொன்றுக்கும் நேரும் என எச்சரிக்கிறோம்.